பனிமலைக்குப் போன பொங்கச் சீர்

தம்பி, தப்பா நெனைக்காதீங்க. பக்கத்து சீட்டுக்காரர் போனை எட்டிப் பாக்கற பழக்கம் எனக்கு இல்லீங்க. உங்க போன்ல வெள்ளை வெளேர்னு பனி தெரிஞ்சுது, கண்ணு தானாப் போயிருச்சு. குடும்பத்தோட பனிச்சறுக்குப் போறதுக்கு எடம் பாக்கறீங்களா? அதானே பாத்தேன். எந்த ஊருன்னு முடிவு பண்ணிட்டீங்களா? இல்லையா? அப்ப அந்தப் போனைச் சட்டைப் பையில வைங்க. உடுமலையில இப்பத்தான பஸ் ஏறியிருக்கோம், உக்கடம் போய்ச் சேர்றதுக்குள்ள நான் சொல்லி முடிச்சர்றேன். போன்ல எழுதறவங்க போனாங்களோ இல்லையோ, நான் போயிட்டு வந்தவன்.

என்ர பேரு சென்னியப்பனுங்க. தென்னைநார்க் கயிறு மில்லு வெச்சிருக்கேன். நமக்கும் பனிக்கும் என்ன சம்பந்தம்னு கேப்பீங்க. ஒரு சம்பந்தமும் இல்லீங்க. மார்கழியில பச்சத்தண்ணியில குளிச்சன்னாலே எங்கூட்டுக்காரி கமலவேணி ரெண்டு நாளைக்குச் சுக்குக் காப்பி வெச்சுக் குடுக்கோணும். அப்படிப்பட்ட ஆளு காஷ்மீர் வரைக்கும் போயி, பனியில அடுப்புக் கூட்டிப் பொங்க வெச்சுட்டு வந்துட்டேன். எல்லாம் மாப்பிள்ளைக்காக. அப்படித்தான் நெனச்சுட்டு இருந்தனுங்க.

என்ர மக மிருதுளாவ ஆவணியில கட்டிக் குடுத்தோம். ஒரே மக. மாப்பிள்ளை நிரஞ்சன் கோயமுத்தூர்ல கம்ப்யூட்டர் வேலை, தங்கமான பையன். சம்பந்தி தண்டபாணி வாயே திறக்க மாட்டாரு. சம்பந்தியம்மா விசாலம் இருக்காங்களே, அவங்க திறந்தா ஒரே வார்த்தைதான். "பரவால்லீங்க." தலைதீபாவளிக்கு மாப்பிள்ளைக்கு மோதிரம் போட்டோம். அளவு கொஞ்சம் சின்னதாப் போச்சு. விரல் கணுவுல சிக்கிட்டு மேலயும் போகல, கீழயும் வரல. சோப்புத் தண்ணி போட்டுக் கழட்டினோம். எல்லாரும் சிரிச்சாங்க, மாப்பிள்ளையும் சிரிச்சாரு. சம்பந்தியம்மா மட்டும் நிதானமா, "பரவால்லீங்க"ன்னாங்க. தம்பி, நல்லா நாலு வார்த்தை திட்டியிருந்தாக்கூட எனக்குத் தூக்கம் வந்திருக்கும். அந்தப் பரவால்லீங்க, குளிக்கறப்பக் காதுல போன தண்ணி மாதிரி, தலையை எந்தப் பக்கம் சாச்சாலும் உள்ளயே ஆடிட்டு இருந்துச்சு.

நாளைக்கு அவங்க வீட்டுல ஒரு பேச்சு வந்தா, உங்கப்பன் போட்ட மோதிரம்தானன்னு என்ர மகளை யாரும் ஒரு சொல்லு சொல்லிரக் கூடாதில்லீங்களா? பொண்ணைக் குடுத்தவன் பயம் அது. உங்களுக்குப் பொண்ணு இருக்குதுங்களா? ரெண்டா? அப்பப் புரிஞ்சுக்குவீங்க. தலைப்பொங்கச் சீருல ஒரு கொறையும் வரக் கூடாது, சம்பந்தியம்மா வாயில அந்த வார்த்தை வரவே கூடாதுன்னு முடிவு பண்ணிட்டேன்.

கார்த்திகை கடைசியில ஒரு ஞாயித்துக்கிழமை மகளும் மாப்பிள்ளையும் விருந்துக்கு வந்திருந்தாங்க. மாப்பிள்ளை எலையப் பாத்துட்டே, "மாமா, பொங்கலுக்குச் சேந்தாப்புல லீவு வருதுங்க. பனிச்சறுக்கு விளையாடற எடத்துக்கு எல்லாருமாப் போலாமுங்களா"ன்னாரு. ரசம் ஊத்த வந்த மிருதுளா, கரண்டியோட அப்படியே நின்னுட்டா. நான் ஒரு நொடிகூட யோசிக்கல. "அதுக்கென்னங்க மாப்பிள்ளை, தாராளமாப் போலாம்"னேன். கல்யாணத்துக்கு அப்பறம் அவர் வாயால என்கிட்டக் கேட்ட மொத விசயம். மறுக்க முடியுங்களா?

கமலவேணி சமையக்கட்டுக்குக் கூப்பிட்டுக் கேட்டா. "ஏனுங்க, அப்பப் பொங்கச் சீரை எங்க கொண்டு போய் வெக்கறது?" மாப்பிள்ளை எங்க இருக்காரோ அங்கதான் வெக்கோணும்னேன். "பனியிலயா?" பனியிலதான்.

இப்ப நீங்க பாக்கற விசயத்துக்கு வர்றேன், எடம். காந்திபுரத்துல ஒரு ட்ராவல்ஸுக்குப் போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு சின்னப் பொண்ணு. "குடும்பத்தோட போறதுக்குத் தோதான எடமா வேணுங்களா சார்"னு கேட்டுச்சு. ஆமாம்மா, குடும்பம்னா சாதாரணக் குடும்பம் இல்ல, சம்பந்தி குடும்பம்னேன். அது மூணு எடம் சொல்லுச்சு. மணாலிக்குப் பக்கத்துல சோலாங். உத்தரகண்டுல ஔலி. காஷ்மீர்ல குல்மார்க்.

சோலாங்ல தை பொறக்கறப்பப் பனி விழுந்தாலும் விழும், விழாமலும் போகும்னுச்சு. வெறுந்தரையில மாப்பிள்ளைய நிறுத்தினா சம்பந்தியம்மா என்ன சொல்லுவாங்கன்னு எனக்குத் தெரியும். அதை விட்டாச்சு. ஔலி அழகுதான், ஆனா மலை ரோட்டுல நாள் பூராக் கார்ல உக்காரோணும். சம்பந்திக்கு வால்பாறைக்குப் போனாலே மொத வளைவுல எலுமிச்சம்பழம் வேணும். குல்மார்க்குன்னா ஏரோப்ளான்ல எறங்கிக் கொஞ்ச நேரம் கார்ல போனாப் போதும். புதுசாக் கத்துக்கறவங்களுக்குத் தரை மாதிரி லேசான சரிவு இருக்கு, சொல்லித் தர ஆளு இருக்கு, வயசானவங்க மேல போய்ப் பாக்க ரோப் கார் இருக்கு, ஒண்ணுமே தெரியாதவங்கள உக்கார வெச்சு இழுத்துட்டுப் போக மர வண்டிகூட இருக்கு. ரெண்டு காலுக்கும் ரெண்டு பலகை கட்டிச் சறுக்கறது ஒரு வகை, ரெண்டு காலையும் ஒத்தைப் பலகையில வெச்சுச் சறுக்கறது இன்னொரு வகை. கொழந்தைகளுக்கு ரெண்டு பலகைதான் நல்லதுங்கறாங்க. பூட்ஸ் வாடகைக்குக் கெடைக்கும்பாங்க, உங்க கொழந்தைங்க கால் அளவுக்கு இருக்குதான்னு தனியாக் கேளுங்க. ரூமுல ஹீட்டர் விடிய விடிய ஓடுமான்னு கேளுங்க. இதெல்லாம் எல்லாரும் கேக்கறது. நான் கேட்டது வேற.

"ஏம்மா, அந்த ஓட்டலுக்குக் கெழக்கு எந்தப் பக்கம்?"

அந்தப் பொண்ணு பேனாவக் கீழ வெச்சிருச்சு. பொங்க வெக்கோணும்மா, சூரியனைப் பாத்து வெக்கோணும், வெட்டவெளியில அடுப்புக் கூட்ட விடுவாங்களான்னு கேளுன்னேன். பாவம், ஒவ்வொரு ஓட்டலுக்காப் போன் போட்டு இந்தியில கேட்டுச்சு. ஒருத்தரு, எங்ககிட்ட மலையப் பாத்த ரூம் கேப்பாங்க, கெழக்கப் பாத்த அடுப்பு யாரும் கேட்டதில்லைன்னாராம். இன்னொருத்தரு, ஜனவரியில சூரியனா, அது ஆண்டவன் விருப்பம்னுட்டாராம். கடைசியா ஒரு ஓட்டல்காரரு, முன்னாடி பெரிய வெளி இருக்கு, கெழக்குதான், அடுப்பு வெச்சுக்குங்க, செய்யறதுல எங்களுக்கும் ஒரு கிண்ணம் குடுக்கோணும்னாராம். அதையே போடும்மான்னுட்டேன்.

"வீட்டுல எல்லாரையும் கேட்டுட்டீங்களா சார்?"

கேக்காம இருப்பனுங்களா? மாப்பிள்ளையக் கேட்டேன், "உங்க இஷ்டமுங்க மாமா"ன்னாரு. சம்பந்தியக் கேட்டேன், "நீங்க பாத்துச் செஞ்சாச் சரிங்க." சம்பந்தியம்மாவைக் கேட்டேன், "எதா இருந்தாலும் பரவால்லீங்க." கமலவேணியைக்கூடக் கேட்டேன், சூடா சாப்பாடு கெடைச்சாப் போதும்னா. மிருதுளாவையா? அவளைத் தனியா எதுக்குங்க கேக்கறது. மாப்பிள்ளைக்குப் புடிச்சா அவளுக்கும் புடிச்ச மாதிரிதான?

சீர்ச் சாமான் கட்டினதுதான் பெரிய வேலை. பொங்கப் பானை, பச்சரிசி, வெல்லம், மஞ்சக் கொத்து, வாழையிலை, எல்லாம் பெட்டிக்குள்ள அடங்கிருச்சு. கரும்பு அடங்குமுங்களா? தலைப்பொங்கச் சீருக்குத் துண்டுக் கரும்பு வெச்சா மரியாதையா? தோகையோட முழுக் கரும்பா எடுத்து, கோணிப்பையில சுத்தி, நம்ம மில்லுக் கயித்துலயே வரிஞ்சு கட்டினேன். ஏர்போர்ட்டுல சாமான் வாங்கி ஏத்தற புள்ளைங்க அதைத் தட்டிப் பாத்து, மோந்து பாத்து, ஆளுக்கொரு போட்டோ எடுத்துட்டு ஏத்தி விட்டுச்சுங்க. ஸ்ரீநகர்ல நீளச் சாமான் வர்ற பக்கம் போய் நின்னா, வெள்ளைக்காரங்க சறுக்குப் பலகை வரிசையா வருது, நடுவுல நம்ம கரும்பு வருது. சம்பந்தி வாயைத் திறந்து சிரிச்சதை அன்னைக்குத்தான் மொத மொதப் பாத்தேன்.

எறங்கின அடுத்த நாளு மாப்பிள்ளை பூட்ஸ் மாட்டினாரு. பஷீர்னு ஒரு வாத்தியாரு, நல்ல மனுசன். மாப்பிள்ளை நின்னாரு, விழுந்தாரு. எந்திரிச்சாரு, விழுந்தாரு. அப்பறம் எந்திரிக்கற வேலையே வேண்டாம்னு ஓட்டலுக்குள்ள வந்து, குல்லா, மப்ளர், கம்பளின்னு போத்திட்டு ஹீட்டர் பக்கத்துல உக்காந்துட்டாரு. கண்ணு ரெண்டும் மூக்கும் மட்டுந்தான் வெளிய தெரியும். ஓட்டல்ல குடுக்கற குங்குமப்பூ டீய நானும் அவருமாக் குடிச்சுட்டே இருந்தோம். மிருதுளா மட்டும் காலையில சறுக்கப் போனா சாப்பாட்டுக்குக்கூட வர மாட்டேங்கறா. எனக்கு மனசு கேக்கல. அவருக்காகத் தேடிப் புடிச்ச எடம், அவரு உள்ள உக்காந்திருக்காரு.

மூணாம் நாளு மெதுவாக் கேட்டேன். "மாப்பிள்ளை, அந்த வாத்தியாரு சரியில்லீங்களா? வேற ஆளு ஏற்பாடு பண்ணட்டுங்களா?"

"அய்யோ மாமா, அவர் நல்லாத்தான் சொல்லித் தர்றாருங்க. எனக்குத்தான் குளிரே ஆகாது. ஊட்டிக்கே ரெண்டு ஸ்வெட்டர் போடற ஆளு நானு."

"அப்பறம் ஏனுங்க பனிக்குப் போலாம்னு கேட்டீங்க?"

மாப்பிள்ளை டீக் கிண்ணத்தையே பாத்தாரு. "நான் எங்கீங்க மாமா கேட்டேன். மிருதுளா கேக்கச் சொன்னா, கேட்டேன்."

சாயங்காலம் அவ வந்தா. மூஞ்சியெல்லாம் செவந்து, தலையெல்லாம் பனித்தூளு. ஓட்டல் படியில உக்காந்து பூட்ஸைக் கழட்டிட்டு இருந்தா. பக்கத்துல போய் உக்காந்து, "ஏங் கண்ணு, நீயே அப்பாகிட்டக் கேக்கறதுக்கென்ன"ன்னேன்.

நிமிந்துகூடப் பாக்கல. "நான் கேட்டா வேண்டாம்பீங்க. அவர் கேட்டா சரிம்பீங்க."

கோவமாச் சொல்லலீங்க. மழை பேஞ்சா துணி நனையும்ங்கற மாதிரி சொல்லிட்டு, அடுத்த பூட்ஸைக் கழட்ட ஆரம்பிச்சுட்டா.

நீங்களே சொல்லுங்க தம்பி, நான் எப்பங்க மறுத்தேன்? பள்ளிக்கூடத்துல படிக்கறப்பச் சைக்கிள் கேட்டா. ரோட்டுல லாரி போகுது, வேண்டாம் கண்ணுன்னேன். அது மறுக்கறதுங்களா? தோட்டத்துக் கெணத்துல நீச்சல் பழகறேன்னா. அத்தன ஆழத்துல பொம்பளப் புள்ளைக்கு என்ன நீச்சல்னேன். காலேஜுல மலையேறக் கூட்டிட்டுப் போனாங்க, அனுப்பல, அதுக்குப் பதிலாப் பட்டுச்சேலை எடுத்துக் குடுத்தேன். அதெல்லாம் அக்கறைங்க. அக்கறைக்கும் மறுப்புக்கும் வித்தியாசம் இல்லீங்களா? ஆனா பாருங்க, அன்னைக்கு எனக்குச் சோறு எறங்கல. எதுக்குன்னு தெரியல. அந்த ஊருச் சோறு கொஞ்சம் வெறப்பா இருக்கும், அதனாலகூட இருக்கும்.

பொங்கலுக்கு மொத நாளு, காப்புக்கட்டு அன்னைக்கு, வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூணையும் சேத்து நம்ம ரூம் வாசல்ல எல்லாம் கட்டினேன். ஊர்ல இருந்தே கொண்டு போயிருந்தேன். சறுக்குப் பலகை சாத்தி வெக்கற ஸ்டாண்டுக்கும் ஒரு கொத்துக் கட்டினேன். மிருதுளா பலகையும் அதுலதான் இருந்துச்சு. சும்மா கட்டி வெச்சேன்.

பொங்கலன்னைக்குக் காலையில, நீங்க நம்ப மாட்டீங்க, வெயிலு. ஓட்டல்காரரே வெளிய வந்து வானத்தைப் பாத்தாரு. பனியில கரும்பு நடறது அவ்வளவு லேசுங்க, குழி வெட்ட வேண்டியதே இல்ல, சொருகினா நின்னுக்குது. தகரத்து மேல கல்லு வெச்சு அடுப்புக் கூட்டி, பானைக்கு மஞ்சக் கொத்துக் கட்டி, பால் ஊத்தியாச்சு. கமலவேணி ஸ்வெட்டருக்கு மேல பட்டுச்சேலை கட்டியிருந்தா. சம்பந்தியம்மா நாற்காலியில உக்காந்து ஒவ்வொண்ணாப் பாத்துட்டு இருந்தாங்க. ஒரு கொறை கண்டுபுடிக்க முடியாது. பானை எந்தப் பக்கம் பொங்குதுங்கறதுதான் பாக்கி. கெழக்க பொங்கினா வருசம் பூரா நல்லதுன்னு நம்ம பக்கம் பாப்பாங்கல்ல? அதுக்காகப் பானையை ஒரு விரக்கடை கெழக்கச் சாச்சே வெச்சிருந்தேன். யாருகிட்டயும் சொல்லீராதீங்க.

அப்பத்தான் சம்பந்தியம்மா கேட்டாங்க. "எங்க மருமகளைக் காணோம்?"

எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு. அவளுக்குத்தானுங்க தலைப்பொங்க. மாப்பிள்ளை கம்பளிக்குள்ள இருந்து கையை நீட்டி, "ஒரே ஒரு தடவ சறுக்கிட்டு வந்தர்றேன்னு மேல போனாளுங்கம்மா"ன்னாரு. அந்த ஊர்ல பால் சீக்கிரமாப் பொங்கிருது, அரிசிதான் வேக மாட்டேங்குது. பானை விளிம்புல நுரை கட்ட ஆரம்பிச்சிருச்சு. கமலவேணி என்னையப் பாக்கறா. நான் மலையப் பாக்கறேன்.

மேல இருந்து ஒரு செவப்புச் சட்டை வருது. வேகமுங்க. இப்படி ஒரு வளைவு, அப்படி ஒரு வளைவு. தலையில போட்டிருக்கற கவசத்துக்குக் கீழ வெள்ளையா ஏதோ பறக்குது. பாத்தா மல்லிகப்பூ. கமலவேணி ஊர்ல இருந்து ஈரத்துணியில சுத்திக் கொண்டாந்து காலையில வெச்சு விட்ட பூவு. விழறான்னு நெனச்சுட்டேன். "புடிங்க, புடிங்க"ன்னு கத்திட்டே கெடைச்ச கரும்பைப் புடுங்கிட்டுப் பனியில ஓடினேன். கரும்பை வெச்சு என்ன பண்ணியிருப்பேன்னு கேக்காதீங்க, அதை இன்னமும் வீட்டுல கேட்டுட்டுத்தான் இருக்காங்க. முட்டி வரைக்கும் பொதைஞ்சு நான் நின்னுட்டேன். அவ என்னையச் சுத்தி ஒரு வட்டம் போட்டு, பனியைப் பூ மாதிரி எறைச்சுட்டு, சரியா அடுப்புக்கு முன்னாடி போய் நின்னா. அந்த மூஞ்சியில இருந்த சிரிப்பு, தம்பி, அவ கல்யாணத்துலகூட நான் பாக்கலீங்க. எனக்கு அழுகை வந்துருச்சு. குளிர்ல கண்ணுல தண்ணி வரும்னு பஷீர் சொன்னாரு.

திரும்பிப் பாத்தா பானை பொங்கி வழிஞ்சு நெருப்பு பாதி அணைஞ்சு கெடக்குது. எல்லாரும் மலையவே பாத்துட்டு இருந்துட்டோம். தகரம் பூராப் பாலு.

சம்பந்தியம்மா எந்திரிச்சு வந்து பானையப் பாத்தாங்க. "எந்தப் பக்கமுங்க பொங்குச்சு?"

எனக்கு உசுரே போச்சு. இத்தன தூரம் கெழக்குத் தேடி வந்து, கடைசியில அந்த ஒரு விசயத்துக்குப் பதில் இல்ல. இதா வரப்போகுது அந்த வார்த்தைன்னு நான் கண்ண மூடிட்டேன்.

"கெழக்கதானுங்க அத்தை"ன்னா மிருதுளா. "மேல இருந்து வர்றப்ப நான் நல்லாப் பாத்தேன்."

பாத்தீங்களா? அவ்வளவு உசரத்துல இருந்து, அவ்வளவு வேகத்துல, அவ கண்ணுக்கு மட்டும் தெரிஞ்சிருக்கு. சின்ன வயசுலயே அவளுக்குக் கூர்மையான கண்ணு. சம்பந்தியம்மா அவளையே கொஞ்ச நேரம் பாத்தாங்க. அப்பறம் பொங்கலோ பொங்கல்னு மொத ஆளாச் சொன்னது அவங்கதான். சாயங்காலம் பஷீர்கிட்ட, "எனக்கு ஒரு ஜோடி பூட்ஸ் கெடைக்குங்களா"ன்னு தமிழ்லயே கேட்டுட்டு இருந்தாங்க. பரவால்லீங்கங்கற வார்த்தையே வரலீங்க. பொங்கல் மட்டும் அரிசி அரிசியா இருந்துச்சு, ஓட்டல்காரரு குக்கர் குடுத்தாரு.

அதனால நான் சொல்றது, குல்மார்க்குக்கே போங்க. கெழக்கப் பாத்த ஓட்டலா…

ஒரு நிமிசம் தம்பி, மகதான் கூப்பிடறா.

சொல்லு கண்ணு. பஸ்லதான் இருக்கேன், கிணத்துக்கடவு தாண்டியாச்சு. ஆமா, முருங்கைக்கா கொண்டாறேன். என்னது? வகுப்பா? அங்கயேவா? ரெண்டு வாரமா? யாரு, நீ மட்டுமா? வேண்டாம் கண்ணு. இல்ல, நான் எதுக்கு வேண்டாங்கறேன்னா, அத்தன தூரம், குளிரு, தனியா… மாப்பிள்ளை என்ன சொன்னாரு? இப்ப எதுக்குச் சிரிக்கற? சரி, குடு. ஏனுங்க மாப்பிள்ளை, நல்லாருக்கீங்களா? அம்மா சௌக்கியமா? அப்படீங்களா. ஓகோ. நீங்க கேக்கறீங்களா? அதுக்கென்னங்க மாப்பிள்ளை, தாராளமாப் போயிட்டு வரட்டும். வெச்சர்றேனுங்க.

சறுக்கு வகுப்புக்குப் போறாளாம், தம்பி. அடுத்த மாசம். அந்தப் படியில உக்காந்து என்ன ஒரு வார்த்தை சொல்லிட்டா பாருங்க, நான் கேட்டா வேண்டாம்பீங்கன்னு. இப்ப நீங்க பக்கத்துலதான உக்காந்திருந்தீங்க, காதால கேட்டீங்கல்ல? அவ கேட்டு நான் மாட்டேன்னு சொன்னனுங்களா?